பழைய கோடியாக் 4×4: டீசல் வாங்குவதா, பெட்ரோல் வாங்குவதா?

குடும்பத்துக்குப் பழைய 4×4 தேடுகிறவர்கள் வாயிலிருந்து முதலில் வரும் கேள்வி, "மைலேஜ் என்ன கொடுக்கும்?" அதைப் பிறகு கேட்கலாம். ஒருமுறை ஸ்டார்ட் செய்தால் வண்டி எத்தனை நிமிடம் ஓடி நிற்கப்போகிறது என்பதை முதலில் யோசியுங்கள். பள்ளிக்கூடம், காய்கறிக் கடை, ஆபீஸ் என்று பத்துப் பதினைந்து நிமிட ஓட்டம்தான் என்றால் பெட்ரோல். வாரத்துக்கு ஒருமுறையாவது அரை மணிக்குக் குறையாமல் நெடுஞ்சாலையில் ஓடும் என்றால் டீசல். ஆண்டுக்கு எத்தனை கிலோமீட்டர் என்ற கணக்கு இதற்கு அடுத்துத்தான். விற்கிறவர் இதே வண்டியை எப்படி ஓட்டினார் என்பதையும் கேட்டே ஆக வேண்டும். பழைய வண்டியில் நீங்கள் வாங்குவது அவருடைய ஓட்டத்தையும் சேர்த்துத்தான்.

ஒரே உடம்பு, ஒரே 4×4 அமைப்பு, இரண்டு எரிபொருள் என்று நேருக்கு நேர் ஒப்பிடும் வாய்ப்பு நம் ஊரில் அபூர்வம். ஸ்கோடா கோடியாக் அப்படிப்பட்ட ஒன்று. 2017 அக்டோபரில் 2.0 டிடிஐ டீசலோடு வந்தது: 150 பிஎஸ் (குதிரைத்திறன்) சக்தி, 340 நியூட்டன் மீட்டர் டார்க், அதாவது இழுவிசை. 2020 ஏப்ரலில் பிஎஸ்6 என்ற புகை மாசு விதி வந்ததும் டீசல் நின்றுபோனது. 2022 ஜனவரியில் 2.0 டிஎஸ்ஐ பெட்ரோலோடு திரும்பியது: 190 பிஎஸ் சக்தி, 320 நியூட்டன் மீட்டர். இரண்டிலும் 7 கியர் டிஎஸ்ஜி ஆட்டோமேட்டிக், 4×4, ஏழு இருக்கை. மூன்றாம் வரிசை பிள்ளைகளுக்கு மட்டும்தான். பெரியவர்களை அங்கே உட்காரவைத்து ஊட்டி வரை கூட்டிப்போவது பாவம்.

டார்க் எண்களைப் பாருங்கள். 340, 320. பெரிய வித்தியாசமே இல்லை. "மலை ஏற டீசல்தான்" என்ற பழைய பேச்சு, டர்போ இல்லாத பெட்ரோல் காலத்துப் பேச்சு. டர்போ பெட்ரோல் 1,500 ஆர்பிஎம் அளவிலேயே முழு இழுப்பையும் கொடுத்துவிடுகிறது. ஏழு பேர், பெட்டிகள், ஏசி எல்லாவற்றோடும் வால்பாறையின் 40 கொண்டை ஊசி வளைவுகளை டிஎஸ்ஐ மூச்சு வாங்காமல் ஏறும். முந்திச் செல்வதில் டீசலைவிடச் சுறுசுறுப்பு அதிகம். டீசல் ஜெயிப்பது வேறு இடத்தில். சென்னையிலிருந்து மதுரை, திருநெல்வேலி என்று ஆறேழு மணி நேரம் ஒரே சீரான வேகத்தில் ஓடும்போது டிடிஐ குறைந்த ஆர்பிஎம்மில் அலட்டலில்லாமல் போகும், டேங்க் குறைவது தெரியாது. நகரத்தில், குளிர்ந்த எஞ்சினில் அதன் தட்தட் சத்தம் கேபினுக்குள் கேட்கும். பெட்ரோலில் அந்தத் தொல்லை இல்லை.

இனி பணக் கணக்கு. சான்றளிக்கப்பட்ட மைலேஜ், லிட்டருக்குக் கிலோமீட்டரில், டிடிஐக்கு 16.25, டிஎஸ்ஐக்கு 12.78. ஊரும் நெடுஞ்சாலையும் கலந்த ஓட்டத்துக்கு 12.5, 9.5 என்று வைத்துக்கொள்வது நியாயம். டீசல் லிட்டர் 92.50, பெட்ரோல் 101 என்று கணக்குக்கு எடுத்துக்கொள்வோம். உங்கள் ஊர் பங்க் விலையை நீங்களே போட்டுப் பார்த்துக்கொள்ளலாம். டீசல் கிலோமீட்டருக்கு 7.40 ரூபாய், பெட்ரோல் 10.63. வித்தியாசம் 3.23 ரூபாய். ஆண்டுக்கு 8,000 கிலோமீட்டர் ஓடினால் 26,000 ரூபாய்க்குச் சற்றுக் குறைவு. 20,000 ஓடினால் 64,600. முதல் எண், டீசலில் ஒரு பெரிய ரிப்பேர் வந்தால் காணாமல் போய்விடும். இரண்டாவது எண் அப்படிப் போகாது, ஐந்து ஆண்டில் மூன்று லட்சத்தைத் தாண்டும். நடுவில், 12,000 முதல் 15,000 வரை ஓட்டுகிறவர்களுக்குத்தான் குழப்பம். அவர்கள் பயணத்தின் நீளத்தை வைத்து முடிவெடுக்கட்டும்.

டீசலின் பெரிய தலைவலி டிபிஎஃப் என்ற புகை வடிகட்டி. எரியும் டீசலிலிருந்து வரும் கரித்தூளை, புகைப்பாதையில் உள்ள பீங்கான் வடிகட்டி பிடித்துவைக்கும். அது நிரம்பினால் எரித்துச் சாம்பலாக்க வேண்டும். நெடுஞ்சாலையில் புகை சூடாக இருந்தால் இது தானாகவே கொஞ்சம் கொஞ்சமாக நடந்துவிடும். இல்லாவிட்டால் எஞ்சின் கணினி வேண்டுமென்றே கூடுதல் டீசலைத் தெளித்து வடிகட்டியை 600 டிகிரி அளவுக்குச் சூடாக்கும். இதற்குப் பத்து முதல் இருபது நிமிடம் தொடர்ந்து ஓட வேண்டும். அந்த நேரத்தில் ஐடிலிங் வழக்கத்தைவிட உயரும், மைலேஜ் மீட்டர் சரியும், ரேடியேட்டர் ஃபேன் உரக்க ஓடும். அப்போது பார்த்து வீட்டு வாசலில் வண்டியை அணைத்தால் வேலை பாதியில் நின்றுவிடும். எரியாத டீசல் பிஸ்டன் ரிங் வழியாக வழிந்து எஞ்சின் ஆயிலில் கலக்கும். இது மறுபடி மறுபடி நடந்தால் ஆயில் நீர்த்து, டர்போவும் பேரிங்கும் தேயத் தொடங்கும். நகரத்துக்குள்ளேயே ஓடிய டீசல் வண்டி, மீட்டரில் 40,000 காட்டினாலும் 1,20,000 ஓடிய நெடுஞ்சாலை வண்டியைவிட மோசமாக இருப்பது இதனால்தான். குறைந்த ஓட்டம் என்று கூடுதல் விலை கொடுத்து வாங்கும் டீசல்தான் பல நேரம் அதிகச் செலவு வைக்கும்.

வடிகட்டியில் சேரும் இன்னொரு பொருள் சாம்பல். அது எஞ்சின் ஆயிலின் கூட்டுப்பொருள்கள் எரிவதால் வருவது. எந்தச் சூட்டிலும் போகாது. ஃபோக்ஸ்வாகன் 507.00 தரம் போன்ற குறைந்த சாம்பல் ஆயிலைத்தான் ஊற்ற வேண்டும். "எந்த ஆயில் ஊற்றினாலும் ஒன்றுதான்" என்று சொல்லும் பணிமனையில் சர்வீஸ் ஆன டீசல் வண்டியை விட்டுவிடுங்கள். புது டிபிஎஃப் விலை இந்த வகை வண்டிகளுக்கு லட்சத்தைத் தாண்டும்.

2017–20 காலத்து பிஎஸ்4 டீசல்களில் டிபிஎஃப் மாடலுக்கு மாடல் மாறும். சேசிஸ் எண்ணைக் கொடுத்துக் கம்பெனி சர்வீஸ் சென்டரில் கேட்டுவிடலாம். பிஎஸ்6 டீசல் என்றால் கட்டாயம் உண்டு. ஸ்கேனரை மாட்டி மூன்று எண்களைப் படிக்கச் சொல்லுங்கள்: கரித்தூள் அளவு, சாம்பல் அளவு, கடைசியாக எரித்துச் சுத்தம் செய்ததிலிருந்து ஓடிய தூரம். இந்தத் தூரம் எப்போதும் நூறு கிலோமீட்டருக்குள்ளேயே நின்றால் வடிகட்டி திணறுகிறது என்று பொருள். ஸ்கேனர் இல்லாமலும் இரண்டு சோதனை செய்யலாம். டிப் ஸ்டிக்கை உருவிப் பாருங்கள். ஆயில் மேக்ஸ் கோட்டுக்கு மேலே நின்று டீசல் வாடை அடித்தால் பேரத்தைத் தொடர வேண்டாம். சைலன்சர் வாய்க்குள் விரலை விட்டுத் தேயுங்கள். டிபிஎஃப் நன்றாக இருக்கும் வண்டியில் விரல் ஏறக்குறைய சுத்தமாக வரும். கரேல் என்று கரி அப்பினால் உள்ளே ஓட்டை விழுந்திருக்கிறது, அல்லது யாரோ வடிகட்டியை வெட்டி எடுத்துவிட்டார்கள். வெட்டி எடுப்பது சட்டவிரோதம். அதோடு அந்த வண்டியின் எஞ்சின் மென்பொருளிலும் கை வைத்திருப்பார்கள்.

டிடிஐயில் மேலும் பார்க்க வேண்டியவை. டைமிங் பெல்ட் எஞ்சின் இது. பெல்ட் மாற்றியதற்குப் பில் இல்லாவிட்டால் மாற்றவில்லை என்றே வைத்துக்கொண்டு விலையைக் குறைக்கச் சொல்லுங்கள். மாற்றும்போது டென்ஷனர், ஐட்லர், வாட்டர் பம்ப் மூன்றையும் சேர்த்தே மாற்ற வேண்டும், ஏனென்றால் வேலைக்கூலி ஒன்றுதான். இந்த எஞ்சினின் வாட்டர் பம்ப்பில் தண்ணீர் ஓட்டத்தை அடைத்துத் திறக்கும் ஒரு மூடி உண்டு. அது சிக்கிக்கொண்டால் வெப்பமுள் திடீரென ஏறும். புகையில் ஒரு பங்கை மறுபடி எஞ்சினுக்குள் அனுப்பும் இஜிஆர் வால்வில் கரி அடைத்தால் பிக்கப் மந்தமாகி, நிறுத்தத்தில் ஐடிலிங் ஆடும். டீசலைத் தெளிக்கும் இன்ஜெக்டர்களுக்கு ஸ்கேனரில் சிலிண்டர் வாரியாகத் திருத்த அளவு தெரியும். நான்கில் ஒன்று மட்டும் தனியாக விலகி நின்றால் அந்த இன்ஜெக்டர் ஓய்வு கேட்கிறது. உயர் அழுத்த பம்ப்புக்குத் தண்ணீர் கலந்த டீசல் எமன். உள்ளே உராய்ந்து வரும் உலோகத்தூள் இன்ஜெக்டர் வரை போய்விட்டால் மொத்த எரிபொருள் அமைப்பையும் மாற்ற வேண்டிவரும். டீசல் ஃபில்டரை 30,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றிய பில் இருக்கிறதா என்று பாருங்கள். இக்னிஷன் போட்டதும் எரிந்து அணையும் குளோ பிளக் விளக்கு, ஓட்டத்தின் நடுவில் கண் சிமிட்டினால் எஞ்சினில் கோளாறு பதிவாகியிருக்கிறது.

டிஎஸ்ஐ பெட்ரோலின் பிரச்சினைகள் எண்ணிக்கையில் குறைவு, செலவிலும் பெரும்பாலும் குறைவு. முதலாவது, வாட்டர் பம்ப்பும் தெர்மோஸ்டாட்டும் சேர்ந்த பிளாஸ்டிக் கூடு. காலப்போக்கில் அது வளைந்து கசியும். இன்டேக் மேனிஃபோல்டுக்குக் கீழே டார்ச் அடித்துப் பாருங்கள்; காய்ந்த இளஞ்சிவப்புப் படிவம் இருந்தால் கூலன்ட் ஒழுகுகிறது. கூலன்ட் தொட்டியில் அளவு குறைந்திருப்பதும் அதே கதைதான். இரண்டாவது, எண்ணெய் ஆவியைப் பிரிக்கும் பிசிவி வால்வு. அதன் ரப்பர் கிழிந்தால் எஞ்சின் ஓடும்போது விசில் சத்தம் வரும், ஐடிலிங் தள்ளாடும். மூன்றாவது, நேரடியாக சிலிண்டருக்குள் பெட்ரோல் தெளிக்கும் எஞ்சின்களின் பொது வியாதி: இன்டேக் வால்வின் முதுகில் கரி. பெட்ரோல் அந்த வால்வைக் கழுவுவதே இல்லை என்பதால் ஆயில் ஆவி படிந்து இறுகிவிடும். குளிர்ந்த எஞ்சினில் மிஸ்ஃபயர், மந்தம் இதன் அறிகுறி. மேனிஃபோல்டைக் கழற்றி, வால்நட் ஓட்டுத் தூளைப் பீய்ச்சிச் சுத்தம் செய்வதுதான் சரியான வழி. டேங்கில் ஊற்றும் எந்தத் திரவமும் அந்த இடத்தை எட்டாது. அதை விற்பவர் என்ன சொன்னாலும் சரி. டைமிங் இதில் செயின். இரவெல்லாம் நின்ற வண்டியைக் காலையில் ஸ்டார்ட் செய்யும்போது முதல் இரண்டு மூன்று வினாடி சங்கிலி உலுக்குவது போல் சத்தம் வருகிறதா என்று காது கொடுங்கள்.

பெட்ரோல் பக்கம் யோசிக்க வேண்டிய இன்னொன்று இ20. 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல்தான் இப்போது பங்க்குகளில். எத்தனாலின் ஆற்றல் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு. எனவே அதற்கென்று டியூன் செய்யாத வண்டியில் மைலேஜ் ஆறு சதவீதம் வரை சரியலாம். மேலே போட்ட கணக்கில் 9.5 என்பது 9 ஆனால் கிலோமீட்டருக்கு இன்னும் 60 பைசா. 2023 ஏப்ரலுக்கு முன் தயாரான பெட்ரோல் வண்டி என்றால் எரிபொருள் மூடியின் உட்புற ஸ்டிக்கரில் எது வரை அனுமதி என்று படித்துவிடுங்கள். எத்தனால் ஈரத்தை இழுக்கும். மாதக்கணக்கில் ஓடாமல், பாதி டேங்க்கோடு நிற்கும் வண்டிக்குத்தான் இதனால் ஆபத்து. வெளியூர் போகும்போது டேங்கை நிரப்பி நிறுத்துவது நல்லது. மற்றபடி, இ20க்குப் பயந்து பத்து நிமிட ஓட்டத்துக்கு பிஎஸ்6 டீசல் வாங்குவது சிறு செலவுக்கு அஞ்சிப் பெரிய செலவை அழைத்து வருவதாகும்.

எரிபொருள் எதுவானாலும் 4×4 பாகங்களுக்குத் தனிக் கவனம் வேண்டும், இதைத்தான் அதிகம் பேர் மறக்கிறார்கள். கோடியாக்கில் பின்சக்கரங்களுக்குச் சக்தி அனுப்புவது ஹால்டெக்ஸ் கிளட்ச். அதற்கு ஒரு லிட்டருக்கும் குறைவான தனி ஆயில். மூன்று ஆண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். உள்ளே இருக்கும் சின்ன பம்ப்பின் முனையில் ஒரு வலை உண்டு. ஆயிலை மட்டும் மாற்றி, பம்ப்பைக் கழற்றி வலையைக் கழுவாமல் விட்டால், கிளட்ச் தேய்ந்து வரும் கசடு வலையை அடைக்கும், பம்ப் முக்கி முக்கிக் கருகும். பல நேரம் டேஷ்போர்டில் எந்த விளக்கும் எரியாது. ஈர மண் ஏற்றத்தில் முன்சக்கரம் மட்டும் சுற்றும்போதுதான் தெரியும், 4×4 என்று பணம் கொடுத்தது வெறும் முன்சக்கர வண்டிக்கு என்று. வாங்கும் முன்பே சரளை மண்ணில் நின்று வேகமாகக் கிளப்பிப் பாருங்கள். நான்கு டயரும் ஒரே பிராண்ட், ஏறக்குறைய ஒரே தேய்மானமாக இருக்க வேண்டும்; இரண்டு புதிது இரண்டு பழையது என்றால் அச்சுகளின் வேகம் ஒத்துப்போகாமல் கிளட்ச் சும்மா உழைத்துச் சூடாகும். டிஎஸ்ஜி கியர்பாக்ஸ் ஆயிலும் ஃபில்டரும் 60,000 கிலோமீட்டரில் மாறியிருப்பது நல்லது. ஊர்ந்து போகும் டிராஃபிக்கில் ஒன்றுக்கும் இரண்டுக்கும் நடுவே உதறல், ரிவர்ஸ் போட்டால் தாமதம், இரண்டும் கெட்ட அறிகுறி.

சென்னை வண்டி என்றால் 2023 டிசம்பர் வெள்ளத்தை மனதில் வையுங்கள். இருக்கைத் தண்டவாளத்தின் அடித்துரு, கார்ப்பெட்டுக்குக் கீழே வண்டல், சீட் பெல்ட்டை முழுதாக இழுத்தால் கடைசி முழத்தில் சேற்றுக் கறை, இவை மூன்றும் பொய் சொல்லாது. காப்பீட்டுக் கோரிக்கை வரலாற்றையும் கேட்டு வாங்குங்கள்.

சோதனை ஓட்டத்துக்கு முதல்நாளே, "நாங்கள் வரும் வரை ஸ்டார்ட் செய்ய வேண்டாம்" என்று சொல்லிவிடுங்கள். போனதும் பானெட்டில் கை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால் இன்னொரு நாள். குளிர்ந்த ஸ்டார்ட்தான் டீசல் இன்ஜெக்டரையும் பெட்ரோல் செயினையும் காட்டிக்கொடுக்கும். அதன்பின் குறைந்தது அரை மணி, அதில் பாதி நெடுஞ்சாலை. இறங்கியதும் கூலன்ட், ஆயில், அடிப்பக்கக் கசிவு மூன்றையும் மறுபடி பாருங்கள்.

கோடியாக் பிடிக்காதவர்களுக்குச் சுருக்கமாக. நம் சந்தையில் 4×4 என்றால் பெரும்பாலும் டீசலைத் தவிர வேறு வழியில்லை. ஃபார்ச்சூனர் 2.7 பெட்ரோலில் 4×4 கிடையாது, 2.8 டீசலில்தான் உண்டு. ஸ்கார்பியோ என், எக்ஸ்யூவி700, தார் ராக்ஸ் மூன்றிலும் அப்படியே. எக்ஸ்யூவி700 டீசலுக்குப் புகையைச் சுத்தம் செய்யும் ஆட்புளூ திரவமும் ஊற்ற வேண்டும். காலியானால் மறுபடி ஸ்டார்ட் ஆகாது. மூன்று கதவுத் தாரில் பெட்ரோல் 4×4 உண்டு, ஓட்ட அருமை, ஆனால் நான்கே இருக்கை, பின்னால் ஏற தாத்தா பாட்டிக்கு முடியாது. அதன் டீசலில் 2020 செப்டம்பர்–டிசம்பரில் தயாரான 1,577 வண்டிகள் கேம்ஷாஃப்ட் பழுதுக்காகத் திரும்ப அழைக்கப்பட்டன. அந்த மாதங்களின் வண்டி என்றால் வேலை முடிந்ததா என்று கேளுங்கள். கிராண்ட் விட்டாரா ஆல்கிரிப் (அதன் 4×4 வகை) செலவுக் குறைவான பெட்ரோல். ஆனால் டர்போ இல்லை. ஆயிரம் மீட்டர் ஏறினால் சக்தி பத்து சதவீத அளவுக்குக் குறையும் என்பதால் 2,240 மீட்டர் உயர ஊட்டியில் முழுச் சுமையோடு இரண்டாம் கியரை விட மனம் வராது. எண்டெவர் 3.2 உறுதியான வண்டி. ஃபோர்டு 2021இல் இந்தியச் சந்தைக்கான உற்பத்தியை நிறுத்திவிட்டதால், அருகில் நல்ல பணிமனை இருப்பவர்கள் மட்டும் தொடலாம். பிஎஸ்6 காலத்து 2.0 எண்டெவரில் ஆயிலில் ஊறியபடி ஓடும் டைமிங் பெல்ட். ஆயில் மாற்றத்தைத் தள்ளிப்போட்ட வண்டி என்றால் தவிர்ப்பதே மேல். கரடுமுரடான காட்டுப்பாதைதான் நோக்கம் என்றால் லோ ரேஞ்ச் (மெதுவாக, அதிக இழுப்போடு ஏற உதவும் தனி கியர்) உள்ள ஃபார்ச்சூனர், எண்டெவர், தார், ஜிம்னி வரிசையில் தேடுங்கள். கோடியாக்கில் அது இல்லை.

டெல்லி, ஹரியானா எண் கொண்ட டீசல்கள் இங்கே மலிவாக வருவதற்குக் காரணம் உண்டு. 10 ஆண்டு கடந்த டீசலுக்குத் தேசியத் தலைநகர்ப் பகுதியில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2015இல் தடை விதித்தது, உச்ச நீதிமன்றம் 2018இல் அதை உறுதி செய்தது. அந்தப் பயத்தில் உரிமையாளர்கள் முன்கூட்டியே விற்றார்கள். இங்கே அந்த வண்டிக்கு மறுபதிவு வேண்டும்: அந்த ஊர் ஆர்டிஓவின் தடையில்லாச் சான்று படிவம் 28, புது எண்ணுக்குப் படிவம் 27, பெயர் மாற்றத்துக்கு 29, 30, கடன் இருந்திருந்தால் அதை நீக்கப் படிவம் 35. தமிழ்நாட்டுச் சாலை வரி தனி. 20 லட்சத்துக்கு மேற்பட்ட புது வண்டிக்கு 20 சதவீதம். பழைய வண்டிக்கு வயதுக்கு ஏற்பக் குறையும், ஆனாலும் விலை உயர்ந்த வண்டியில் அது பெரிய தொகை. அதைக் கூட்டிப் பார்த்தால் உள்ளூர் வண்டியின் விலையே வந்துவிடுவது உண்டு. முன்பணம் கொடுப்பதற்கு முன் தடையில்லாச் சான்றின் அசலைக் கண்ணால் பாருங்கள். மீதிப் பணத்தில் ஒரு பகுதியைப் புது ஆர்சி உங்கள் பெயரில் வரும் வரை நிறுத்திவைக்க எழுத்தில் ஒப்பந்தம் போடுங்கள்.